பியானா ஏரிக்கரையில் ஒரு தாலிக்கொடி

"என்ர கொடியைக் காணேல்லை."

மாக்கிரட் இதைக் கத்திச் சொல்லவில்லை. பஸ்ஸின் படியில் நின்று கழுத்தைத் தடவியபடி, ஏரிக்கரைப் புல்லில் சாப்பாட்டுச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த முப்பது பேருக்கும் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னாள். யாழ்ப்பாணத்துத் தீவிலிருந்து கொழும்பு வழியாக இத்தாலிவரை அவள் கழுத்தைவிட்டு இறங்காமல் வந்த தாலிக்கொடி அது. அது இருந்த இடத்தில் இப்போது சட்டையின் ஓரம் மட்டுமே தெரிந்தது.

1996, உயிர்த்த ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி.

செல்வமலர் அப்போது அணைக்கட்டுவரை நடக்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது ஆண்கள் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார்கள். ஆண்கள் கூட்டமாக இயற்கையை ரசித்தால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அவள் படியேறினாள். புல்லில் விரிக்கக் கொண்டுவந்த பூப்போட்ட துணியை இரண்டு பெண்கள் பின் இருக்கைக்கு முன்னால் திரையாகப் பிடித்திருந்தார்கள். மயிர்க்கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"என்ன நடக்குது?" என்று முன் இருக்கையில் இருந்த யோசப்பினிடம் கேட்டாள்.

"துசானியைச் சோதிக்கினம்" என்றாள் யோசப்பின், மடியைப் பார்த்துக்கொண்டு.

"பாவாடையையும் கழட்டு" என்றது திரைக்குப் பின்னால் மாக்கிரட்டின் குரல். துசானியின் குரல் கேட்கவேயில்லை. ஆண்களில் மாக்கிரட்டின் தம்பி றொனி மட்டும் இறங்காமல், நடு இருக்கையில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவணியில் துசானியைக் கலியாணம் கட்டப்போகிறவன் அவன்தான்.

உடம்பில் ஒன்றும் இல்லை. துணி இறங்கியது. குலைந்த தலையும் கையில் சுருட்டிப் பிடித்த சேலையுமாகத் துசானி நின்றாள்.

"அப்ப பையையும் ஒருக்காப் பாப்பம்" என்றாள் மாக்கிரட். "றொனி, நீயே திற. நாளைக்கு அக்கா வைச்சதெண்டு ஒருத்தரும் சொல்லப்படாது."

றொனி மேல் தட்டிலிருந்து துசானியின் பையை இறக்கினான். ஒரு பவுடர் டப்பா, ஒரு சீப்பு, மடித்த சுவெற்றர். சுவெற்றரை உதறினான். கைப்பகுதியிலிருந்து தாலிக்கொடி தரையில் விழுந்தது.

அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஏன் துசா?" என்று மட்டும் கேட்டான். எடுத்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் பஸ்ஸே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது.

துசானிக்கு இருபத்திரண்டு வயது. பலெர்மோவில் லிபெர்த்தாப் பக்கம் பணக்கார வீடொன்றில் தங்கியிருந்து, படுக்கையில் கிடக்கும் ஒரு சிஞ்ஞோரா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை இருக்கும்வரைதான் பெர்மெஸோ என்ற அவளுடைய வதிவிட அனுமதியும். முந்தின வருசம் யாழ்ப்பாணத்தைவிட்டு ஊரோடு ஊராக நடந்து வன்னிக்குப் போன தாயும் தங்கச்சியும் அவள் அனுப்புவதில்தான் அடுப்பு மூட்டினார்கள். வேலை போனால் எல்லாம் ஒரே நாளில் போகும்.

அந்தக் கணக்கு மாக்கிரட்டுக்கு நன்றாகவே தெரியும். அவள் இரக்கப்பட்ட குரலில் பேசினாள்.

"நான் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போகேல்லை. அவளும் ஒரு தாய்க்குப் பிறந்தவள்தானே. ஆனா அவள் இருக்கிற வீட்டுச் சிஞ்ஞோரா என்ர சிஞ்ஞோராவின்ர தங்கச்சி. அங்கை நாளைக்கு ஏதும் துலைஞ்சா, அவளைக் கொண்டுபோய் விட்ட எனக்குத்தான் பழி. காலமை போய் நடந்ததைச் சொல்லுவன். அதுக்கு முதல் அவளா வேறை ஊருக்குப் போனாச் சரி."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைச் செல்வமலர் நினைத்துக்கொண்டாள். ஆனால் நினைப்பு சாட்சியாகாது. அவள் பலெர்மோவில் பத்து வருசமாகப் பொலிசுக்கும் வக்கீல்மாருக்கும் மொழிபெயர்த்து வந்தவள். மற்றவர்களுடைய பொய்யைத் தமிழில் கேட்டு இத்தாலியனில் சொல்லிச் சம்பளம் வாங்கியவள். அவளுக்கு இரக்கக் குணம் குறைவு என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது உண்மைதான். அவளுக்கு அந்த நேரம் வந்தது இரக்கம் அல்ல, எரிச்சல்.

ஒரு சாமானைத் தேடுகிறவள் முதலில் பையைத் திறப்பாள். உடம்பைச் சோதிப்பது கடைசி வேலை. இங்கே ஏன் தலைகீழாக நடந்தது?

"இராஜநாயகம் அண்ணை, பஸ்ஸை இப்ப எடுக்க வேண்டாம்" என்றாள். இராஜநாயகம்தான் இந்தச் சுற்றுலாவை ஒழுங்குபடுத்தியவர். "எனக்குக் கொஞ்ச நேரம் தாங்கோ."

"கையும் களவுமாப் பிடிச்சாச்சே, இனியென்ன?"

"கையைக் காணேல்லை, அண்ணை. களவை மட்டும்தான் கண்டனாங்கள்."

காலையிலிருந்து நடந்ததை அவள் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

பியானா தெலி அல்பனேசி பலெர்மோவுக்கு மேலே மலைக்குள் இருக்கும் சிற்றூர். ஐந்நூறு வருசத்துக்கு முன் துருக்கியருக்குப் பயந்து கடல் தாண்டி வந்த அல்பேனியர்கள் கட்டியது. இன்றைக்கும் வீட்டில் தங்கள் பாஷை, தெருப் பலகையில் இரண்டு மொழி, கோயிலில் தங்கள் பழைய வழக்கம். "அகதியா வந்தும் எப்பிடி வைச்சிருக்கினம் பாருங்கோ" என்று இராஜநாயகம் பஸ்ஸில் மூன்று தடவை சொன்னார். உயிர்த்த ஞாயிறன்று அந்த ஊர்ப் பெண்கள் தங்கச்சரிகை உடையும் இடுப்பில் பெரிய வெள்ளிப் பட்டயமுமாக வீதிக்கு வருவதைப் பார்க்க வெளிநாட்டுக்காரரெல்லாம் வந்து குவிவார்கள். பிறகு முழங்கை நீளக் கன்னோலிப் பலகாரம், பிறகு ஏரி. இதுதான் திட்டம்.

பத்து மணிக்குப் பெரிய கோயிலில் பூசை தொடங்கியது. "இவையும் பாப்பாண்டவருக்குக் கீழதான், நாங்களும் நன்மை எடுக்கலாம்" என்று, நற்கருணை வாங்குவதைப் பற்றி, இராஜநாயகம் சொல்லி வைத்திருந்தார். சொன்னவரே அரை மணித்தியாலத்தில் கோப்பி குடிக்கப் போய்விட்டார். றொனியும் கூடப் போனான். இருக்க இடமில்லாத கூட்டம், முடிவில்லாத பாட்டு. வந்த கத்தோலிக்கர்களே ஒவ்வொருவராக நழுவினார்கள். சைவக்காரியான செல்வமலர்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வாசல் தூணோடு கடைசிவரை நின்றாள். படம் படமாகத் தொங்கிய மரத்தடுப்பு, நம் கோயில் மூலஸ்தானம்போல அதில் ஒரு திரை. சாம்பிராணிப் புகை. தங்க அங்கி போட்ட சுவாமியார், ஐயர் தீர்த்தம் கொடுப்பதுபோல, வரிசையில் வந்தவர்களின் வாயில் கரண்டியால் ஏதோ கொடுத்தார். மோவாய்க்குக் கீழே ஒரு சிவப்புத் துணி பிடித்தார்கள். முன்னால் நின்ற கிழவியின் முதுகில் சரிகை மட்டுமே ஒரு வீட்டு விலை இருக்கும். பிறகு வீதியில் ஊர்வலம், கூட்டத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிய முட்டை. செல்வமலருக்கும் ஒன்று கிடைத்தது. பின்னேரம்வரை அது கைப்பைக்குள் கிடந்தது.

அதன்பின் எல்லோரும் பஸ் ஏறி ஏரிக்கரைக்கு வந்தார்கள். மாக்கிரட் தலையிடி என்று சொல்லி, சேலையைக் கழுத்துவரை போர்த்துக்கொண்டு பஸ்ஸிலேயே கிடந்தாள். மற்றவர்கள் சாப்பிட இறங்க, துசானி மட்டும் சாப்பிடாமல் அவளுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தாள். மாக்கிரட் நித்திரையான பிறகுதான் கை கழுவ இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் மாக்கிரட் படியில் வந்து நின்றாள்.

செல்வமலர் துசானியைத் தண்ணீர்க்கரைக்குக் கூட்டிப்போனாள்.

"எடுத்தனீரோ?"

"நீங்களும் கேக்கிறியளோ, அக்கா."

"எல்லாரையும் கேப்பன். எடுத்தனீரோ?"

"இல்லை."

"பை எங்கை இருந்தது?"

"விடியத் தொடக்கம் பஸ்ஸிலதான். குளிருமெண்டு சுவெற்றர் கொண்டந்தனான். குளிரேல்லை, திறக்கேல்லை."

"பூசை நேரம் எங்கை நிண்டனீர்?"

"வெளியில. அவையின்ர உடுப்பைப் பாத்துக்கொண்டு. கூறைச்சீலைக்கு அப்பிடி ஒரு கரை வைச்சா..." துசானி அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்தது பஸ் சாரதி தொத்தோ. டயரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பூசை நேரம் பஸ் பூட்டியிருந்ததா?" என்று இத்தாலியனில் கேட்டாள்.

"பூட்டித்தான் இருந்தது. ஒருதரம் திறந்தேன். உங்கள் ஆட்களில் ஒரு சிஞ்ஞோரா வந்தாள். தலைவலியாம், மருந்து எடுக்கவேணுமாம். கோயிலில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஏறினாள், இறங்கினாள், போனாள்."

"யார் என்று காட்ட முடியுமா?"

தொத்தோ தோளைக் குலுக்கினான். "மன்னிக்கவேணும். சேலை கட்டினால் நீங்கள் எல்லோரும் ஒன்றுதான்."

செல்வமலர் மன்னிக்கவில்லை. ஆனால் சண்டைக்கு நேரமில்லை. துசானியும் அன்று சேலைதான் கட்டியிருந்தாள். இந்தச் சாட்சி இரண்டு பக்கமும் வெட்டும்.

கடைசியாக மாக்கிரட். அவள் கொடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, நிழலில், நேராக உட்கார்ந்திருந்தாள்.

"கொடி கடைசியா எப்ப கழுத்தில இருந்தது? நிச்சயமாத் தெரிஞ்ச நேரம்."

"நன்மை எடுக்கேக்குள்ள."

"எப்பிடி அவ்வளவு நிச்சயம்?"

"சுவாமி நாக்கில அப்பத்தை வைக்கேக்குள்ள கொடியைக் கையில பிடிச்சிருப்பன். பிறகு அதில இருக்கிற சிலுவையைக் கொஞ்சிப்போட்டுத்தான் முழங்காலால எழும்புவன். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அப்பிடித்தான். இண்டைக்கும் அப்பிடித்தான்."

"இந்தக் கோயிலில?"

"வேறை எந்தக் கோயிலுக்குப் போனனாங்கள்?"

"பூசை முடியுமட்டும் உள்ளுக்கை நிண்டனீங்களோ?"

"உயிர்த்த ஞாயிறுப் பூசையைப் பாதியில விட்டிட்டுப் போற ஆளோ நான்? வேணுமெண்டா ஆரையும் கேளுங்கோ."

யாரையும் கேட்கத் தேவையில்லைதான். மாக்கிரட் நன்மை எடுக்காத ஞாயிறு கிடையாது என்று பலெர்மோத் தமிழருக்கெல்லாம் தெரியும். மழை பெய்யும் என்று நம்புவதுபோல அதை நம்புவார்கள்.

"தலையிடி எப்ப தொடங்கினது?"

"பூசை முடிஞ்சு வெய்யிலில நிண்டாப்போல. அதுக்கு முதல் ஒண்டுமில்லை. ஏன் செல்வமலர், களவெடுத்தவளை விட்டிட்டு என்னை விசாரிக்கிறியள்?"

"தொழில் பழக்கம்."

செல்வமலர் பஸ் பக்கம் நடந்தாள். அந்தப் பதிலில் ஏதோ ஒன்று, சோற்றில் கல்போல, பல்லில் பட்டது. எது என்று உடனே பிடிபடவில்லை. படியில் கால் வைத்தபோது பிடிபட்டது. முன் இருக்கையில் இன்னும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்த யோசப்பினிடம் குனிந்து, "நீங்கள் நன்மை எடுத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"எடுத்தன்."

"எங்கட ஆக்கள் வேறை ஆர் எடுத்தது?"

"நானறிய ஒருத்தருமில்லை. எல்லாரும் முதலே போயிட்டினம்."

பிறகு செல்வமலர் இன்னொரு கேள்வி கேட்டாள். யோசப்பின் பதில் சொன்னாள். அந்தப் பதிலைச் செல்வமலர் இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

நாலரை மணிக்கு எல்லோரும் பஸ் ஏறினார்கள். துசானிக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. செல்வமலர் இருக்கைகளுக்கு நடுவே நின்றாள்.

"நான் கனநேரம் கதைக்கமாட்டன். துசானி கொடியைக் களவெடுக்கேல்லை. மாக்கிரட்தான் தன்ர கையாலை கழட்டி அந்தப் பைக்குள்ள வைச்சவ."

பஸ் இரைந்தது. றொனி எழும்பினான். "அக்கா, வாயை அளந்து கதையுங்கோ."

"இரும் தம்பி. உம்மட வாய் தேவைப்பட்ட நேரம் நீர் யன்னலைப் பாத்தனீர். இப்ப அதை மூடிக்கொண்டு இரும்." அவள் திரும்பினாள். "மாக்கிரட், எனக்குச் சொன்னதை எல்லாருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. இண்டைக்கு நன்மை எப்பிடி எடுத்தனீங்கள்?"

"இதென்ன பகிடி. எல்லாரும் எடுக்கிறமாதிரித்தான். முழங்காலில நிண்டன், சுவாமி அப்பத்தை நாக்கில வைச்சவர்."

"யோசப்பின், உங்களுக்கு?"

யோசப்பினுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கரண்டியாலதான் தந்தவர். வைனில ஊறின பாண். அப்பம் இல்லை. நான் வழமையா நாக்கை நீட்டிக்கொண்டு முழங்காலில நிக்க, பக்கத்தில ஒரு கிழவி என்னைப் பிடிச்சுத் தூக்கி விட்டவ. அங்கை உயிர்த்த காலத்தில ஒருத்தரும் முழங்காலில நிக்கிறேல்லையாம். எனக்கு வெக்கமாப் போச்சு. அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"நானும் பாத்தனான்" என்றாள் செல்வமலர். "ஆனா நான் சைவக்காரி. கரண்டியால குடுத்ததைக் கண்டு, தீர்த்தமெண்டு நினைச்சன். எங்கட கோயிலிலயும் அப்பிடித்தானே. கத்தோலிக்கர் எல்லாரும் எப்பவும் அப்பிடித்தான் வாங்குறவையெண்டு நம்பிக்கொண்டு இருந்தனான். மாக்கிரட் நாக்கில அப்பம் எண்டு சொல்லேக்குள்ளதான் இடிச்சது. அவ சொன்னது ஒவ்வொரு ஞாயிறும் பலெர்மோவில நடக்கிறது. இண்டைக்கு இஞ்சை நடந்ததை அவ காணவேயில்லை. ஏனெண்டா அவ கோயிலுக்குள்ள இருக்கேல்லை."

"மறந்துபோச்சு" என்றாள் மாக்கிரட். "தலையிடியில..."

"தலையிடி பூசைக்குப் பிறகுதானே தொடங்கினது. அப்பிடித்தான் எனக்குச் சொன்னியள். ஆனா பூசை நேரம் ஒரு சிஞ்ஞோரா தலையிடி எண்டு சொல்லிப் பஸ்ஸைத் திறப்பிச்சவ எண்டு தொத்தோ சொல்லுறான். அந்த ஒரு தலையிடியை நீங்கள் ரெண்டு தரம் பாவிச்சிட்டியள். அப்பவே கொடியைச் சுவெற்றருக்குள்ள வைச்சாச்சு. பிறகு கழுத்துவரை சீலையைப் போத்துக்கொண்டு பெடிச்சியைத் தனியப் பக்கத்தில இருத்தித் தைலம் பூசப் பண்ணினியள். சாமான் பைக்குள்ள எண்டு தெரிஞ்ச ஆள்தான் பையைக் கடைசிக்கு வைக்கும். அதுக்கு முதல் அவளின்ர உடுப்பைக் கழட்ட வேணும், எல்லாரும் பாக்கவேணும். களவு மட்டும் உங்களுக்குப் போதாது."

இராஜநாயகம் தொண்டையைச் செருமிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார். மாக்கிரட் அழுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை.

"ஆறு மாசத்துக்கு முதல் றொனிக்கு ஓம் எண்டு சொன்னன்" என்றாள். "ஞானஸ்நானம் எடுக்கவேணும் எண்டன், அவள் ஓம் எண்டவள். சீதனம் வராது எண்டு தெரியும், அதுக்கு நான் வாய் திறக்கேல்லை. என்னோட ஒரே வீட்டில இருக்கவேணும் எண்டன், அதுக்கும் ஓம். எதைக் கேட்டாலும் ஓம். ஒண்டுக்காவது இல்லையெண்டு சொல்லியிருந்தா அதைச் சொல்லி நிப்பாட்டியிருப்பன். இந்த வேலைக்கு வந்திருக்கமாட்டன். நான் வளத்த பிள்ளை அவன்."

செல்வமலருக்கு எத்தனையோ வாக்குமூலம் கேட்டுக் காது புளித்திருந்தது. இப்படியொன்றை அவள் மொழிபெயர்த்ததில்லை.

"பொய்யாக் கள்ளப்பழி போடுறதும் இஞ்சை குற்றம்" என்றாள். "நாளைக்குக் காலமை நீங்களும் நானும் லிபெர்த்தாவுக்குப் போறம். ரெண்டு சிஞ்ஞோராவுக்கும் முன்னால, நான்தான் வைச்சனான் எண்டு உங்கட வாயால சொல்லுவியள். இத்தாலியன் வராட்டி நான் மொழிபெயர்க்கிறன். இல்லாட்டி குவெஸ்தூராவில மொழிபெயர்ப்பன். எது வேணும்?"

"வீட்டுக்கு வாறன்" என்றாள் மாக்கிரட் மெதுவாக.

கதை முடிந்தது என்று தொத்தோ இஞ்சினைத் தட்டப் போனான். அப்போது துசானி எழுந்தாள். அன்று பின்னேரம் முழுவதும் ஒருவரும் அவளுடைய குரலைக் கூட்டத்தில் கேட்டிருக்கவில்லை.

"அந்தத் துணியைப் பிடியுங்கோ" என்றாள்.

காலடியில் சுருண்டு கிடந்த பூப்போட்ட துணியை எல்லோரும் பார்த்தார்கள். அதைப் பிடித்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, "விடு பிள்ளை. அவ வயசுக்கு மூத்தவ, கலியாணம் கட்டினவ. வெக்கக்கேடு. கொடிதான் கிடைச்சிட்டுதே" என்றாள்.

"எனக்குத் துணி பிடிக்கேக்குள்ளயும் கொடி என்னட்டை இருக்கேல்லை, அன்ரி."

அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவளும் அசையவில்லை. செல்வமலர் குனிந்து துணியின் ஒரு தலைப்பை எடுத்தாள். மற்றத் தலைப்பு தரையில் கிடந்தது.

"றொனி" என்றாள் துசானி. "அந்தப் பக்கத்தை நீங்கள் பிடியுங்கோ."

றொனி அக்காவைப் பார்த்தான். துசானியைப் பார்த்தான். மறுத்தால் இவள் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பிடித்தாலும் நிற்பாள் என்று அவள் சொல்லவில்லை. அவன் எழும்பி வந்து துணியை எடுத்தான். பின் இருக்கையில் இருந்த அக்காவையும் துசானியையும் மறைத்து உயரப் பிடித்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"றொனி, விடடா" என்றாள் மாக்கிரட் உள்ளேயிருந்து. அது வரைக்கும் கல்லுப்போல இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது. "தம்பி. துணியை விடு."

அவன் விடவில்லை.

மயிர்க்கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் எதுவும் இல்லை. மாக்கிரட்டின் சேலை சரசரக்கவில்லை. துசானி துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இவ்வளவும் காணும்" என்றாள்.

"துசா" என்றான் றொனி. "இப்ப சரிதானே? நான் பிடிச்சனான்தானே?"

"ரெண்டு தரமும் நீங்கள் யன்னலுக்காலைதான் பாத்தனீங்கள்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய், யோசப்பினுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். செல்வமலர் தன் தலைப்பை விட்டுவிட்டு, கைப்பையிலிருந்து சிவப்பு முட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். பெட்டை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

பஸ் மலையிறங்கத் தொடங்கியது. றொனி அந்தத் துணியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, பலெர்மோ வரும்வரை நின்றபடியே வந்தான்.